கதவைத் திறந்தால் ஊரே இருக்கும்! - இங்கிலாந்து கிராமத்து பப்களின் கதை

2021-ம் ஆண்டு நவம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைமேட்டில், கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறது 'டேன் ஹில் இன்'. பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் இருக்கும் பப் அதுதான். அன்று அங்கே கச்சேரி. பிரபல 'ஒயாசிஸ்' இசைக்குழுவின் பாடல்களை அப்படியே பாடிக்காட்டும் 'நோயாசிஸ்' என்ற குழு வந்திருந்தது. கச்சேரி கேட்க வந்தவர்களுக்கு ஆர்வென் புயல் வேறொரு திட்டம் வைத்திருந்தது.

விடிய விடியப் பனி கொட்டியது. சாலைகள் மறைந்தன. சுமார் 60 பேர் உள்ளே மாட்டிக்கொண்டனர். ஒரு நாள் அல்ல, மூன்று இரவுகள்! கிடைத்த இடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். வினாடி வினா நடத்தினார்கள், பாடினார்கள், படம் பார்த்தார்கள். சமையலறை ஓயாமல் இயங்கியது. திங்கட்கிழமை பாதை திறந்தபோது, "இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம்" என்கிற மனநிலையில்தான் பலரும் கிளம்பினார்களாம். முன்பின் தெரியாதவர்களாக வந்தவர்கள், நண்பர்களாகத் திரும்பினார்கள்.

இதே 60 பேர் ஒரு ரயில் நிலையத்திலோ, விமான நிலையத்திலோ மூன்று நாள்கள் மாட்டியிருந்தால் இப்படி நடந்திருக்குமா? சந்தேகம்தான். அந்தக் கட்டடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

"பப்" என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காது கிழியும் இசை, சுழலும் வண்ண விளக்குகள், வாசலில் பவுன்சர். இங்கிலாந்து கிராமத்து பப்புக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். அதாவது, பொது வீடு. தாத்தா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். பாட்டிகள் இருவர் தேநீர் குடிப்பார்கள். குழந்தை உருளைக்கிழங்கு வறுவலைக் கொறிக்கும். கணப்பு அடுப்புக்கு முன்னால் ஒரு நாய் குறட்டை விடும். கிராமத்தில் கல்யாணப் பேச்சு, கால்பந்துப் பேச்சு, அரசியல் சண்டை எல்லாமே அங்கேதான்.

ஆனால், இந்தப் பொது வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. 2000-ம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இன்று சுமார் 45,000-தான். நகரத்தில் ஒரு பப் மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். கிராமத்தில் இருப்பதே ஒன்றுதான். அது போனால்?

அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன், ஒரு கிராமத்து பப்புக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்துவிடலாம்.

வீடுதான் கடையானது

பப்பின் தொடக்கம் உண்மையிலேயே வீடுதான். இடைக்கால இங்கிலாந்தில் 'ஏல்' என்ற பார்லி பானம் அன்றாட உணவின் ஒரு பகுதி. அதைக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. வீட்டுத் தேவைக்குப் போக மிச்சம் இருந்தால், வாசலில் ஒரு கம்பை நட்டு, அதில் இலைக்கொத்தைக் கட்டிவிடுவார்கள். "இங்கே ஏல் தயார்" என்று அர்த்தம். அக்கம் பக்கத்தினர் வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 13-ம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையையும் தரத்தையும் நிர்ணயிக்கும் சட்டம் வந்துவிட்டது. ஏல் தரமாக இருக்கிறதா என்று குடித்துப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஊர்தோறும் அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். (இந்த வேலைக்கு விண்ணப்பங்கள் குவிந்திருக்குமோ என்னவோ!)

அடுத்த பெரிய திருப்பம் 1830-ல். ஜின் போன்ற கடும் மதுவிலிருந்து மக்களைத் திருப்ப வேண்டும். பீர் வியாபாரத்தில் போட்டியையும் கூட்ட வேண்டும் என்று நினைத்தது பிரிட்டிஷ் அரசு. வரி கட்டும் குடித்தனக்காரர் யாராக இருந்தாலும், 2 கினி கட்டணம் செலுத்தினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று சட்டம் போட்டது. அவ்வளவுதான், சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் பீர் வீடுகள் முளைத்தன. இன்றும் பல கிராமத்து பப்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரு சாதாரண வீடு போலவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலகை சொல்லும் சரித்திரம்

பப்பை அடையாளம் காட்டுவது வாசலில் தொங்கும் படம் வரைந்த பலகை. 1393-ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு காலத்தில், ஏல் விற்பவர்கள் கட்டாயம் அடையாளப் பலகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். அதனால் எழுத்துக்குப் பதில் படம்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 'வொயிட் ஹார்ட்' என்ற வெள்ளை மான், அதே இரண்டாம் ரிச்சர்டின் சின்னம். 'ராயல் ஓக்' என்ற பெயருக்குக் காரணம் ஓர் ஓக் மரம். 1651-ல் வூஸ்டர் போரில் தோற்றுத் தப்பிய இரண்டாம் சார்லஸ், போஸ்கோபெல் என்ற இடத்தில் ஓக் மரத்தின் கிளைகளுக்குள் ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்தார். கீழே அவரைத் தேடிச் சிப்பாய்கள் சுற்றிக்கொண்டிருந்தனர். பின்னாளில் அவர் மன்னரானதும், நாடு முழுக்க அந்த மரத்தின் பெயரில் பப்கள்!

'மார்க்விஸ் ஆஃப் கிரான்பி' என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படும். 18-ம் நூற்றாண்டின் ராணுவத் தளபதி அவர். காயம்பட்டு ஓய்வுபெற்ற தன் வீரர்கள் பலருக்குச் சொந்தப் பணத்தில் விடுதி வைத்துக் கொடுத்தார் என்றும், நன்றிக்கடனாக அவர்கள் அவருடைய பெயரையே வைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். மற்றபடி 'ப்ளவ்' என்றால் ஏர், 'வீட்ஷீஃப்' என்றால் கோதுமைக் கட்டு. இவையெல்லாம் விவசாயிகளின் பப்கள். நாட்டில் மிக அதிகமாகக் காணப்படும் பெயர்களில் ஒன்று 'ரெட் லயன்', அதாவது சிவப்புச் சிங்கம்.

குனிந்து வாருங்கள்!

பழைய பப் என்றால் வாசல் நிலையும் உத்தரங்களும் தாழ்வாகத்தான் இருக்கும். தலையில் இடிக்கும் இடத்தில் பல பப்களில் 'டக் ஆர் கிரவுஸ்' என்று எழுதி வைத்திருப்பார்கள். டக் என்றால் வாத்து, கிரவுஸ் என்றால் ஒரு காட்டுக்கோழி. ஆனால், அதே சொற்களுக்கு 'குனி' என்றும் 'புலம்பு' என்றும் பொருள் உண்டு. குனிந்து போங்கள், இல்லையென்றால் இடித்துக்கொண்டு புலம்புங்கள்!

உள்ளே கருத்துப்போன மர உத்தரங்கள், கல் தரை, பெரிய கணப்பு, சுவரில் குதிரைச் சேணத்தை அலங்கரித்த பித்தளை வில்லைகள். ஒருகாலத்தில் ஒரே பப்புக்குள் வகுப்புப் பிரிவினையும் இருந்தது. உழைப்பாளிகளுக்கு மரப்பலகை போட்ட 'பப்ளிக் பார்', கொஞ்சம் வசதியானவர்களுக்குக் கம்பளம் விரித்த 'சலூன் பார்'. சலூனில் விலையும் சற்று அதிகம். அடுத்தவர் கண்ணில் படாமல் உட்கார 'ஸ்னக்' என்று ஒரு குட்டி அறை. பின்னாளில் பெரும்பாலான பப்களில் இந்தச் சுவர்கள் இடிக்கப்பட்டுவிட்டன.

மாறாமல் இருக்கும் பப்களும் உண்டு. பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த் கிராமத்தில் இருக்கும் 'பெல் இன்' 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அங்கே நீளமான கவுன்ட்டர் கிடையாது. ஒரு சிறிய திறப்பு வழியாகத்தான் பானங்கள் வெளியே வரும். டார்செட் கடலோரத்தில், வொர்த் மாட்ராவர்ஸ் கிராமத்தின் 'ஸ்கொயர் அண்ட் காம்பஸ்' பப்பிலும் அப்படித்தான். 1907 முதல் ஒரே குடும்பம் நடத்தும் அந்த பப்புக்குள், அந்தக் கடற்கரையில் கிடைத்த புதைபடிவங்களை வைத்து ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது!

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு நாளிதழில், தனக்குப் பிடித்த பப் பற்றிக் கட்டுரை எழுதினார். 'தி மூன் அண்டர் வாட்டர்' என்று பெயர். அமைதி, தோட்டம், குழந்தைகள் விளையாட இடம், பெயர் சொல்லி விசாரிக்கும் பணிப்பெண்கள் என்று வர்ணித்துக்கொண்டே போனவர், கடைசியில் "அப்படி ஒரு பப் கிடையாது" என்று போட்டு உடைத்தார். எல்லாம் கற்பனை! பிற்காலத்தில் அதே பெயரில் நிஜமாகவே பப்கள் திறக்கப்பட்டது தனிக்கதை.

கவுன்ட்டர் இலக்கணம்

வெளிநாட்டுப் பயணிகள் பப்பில் முதலில் ஏமாறுவது உட்காரும் விஷயத்தில்தான். மேசையில் அமர்ந்து, ஆர்டர் எடுக்க ஆள் வரும் என்று காத்திருப்பார்கள். யாரும் வர மாட்டார்கள். மேசைக்கு உணவு கொண்டுவரும் பப்கள் உண்டு; ஆனால், பாரம்பர்ய வழக்கப்படி நாம்தான் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். அங்கேயும் எழுதப்படாத விதிகள் ஏராளம். மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ் இதை ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார்.

* கண்ணுக்குத் தெரியாத வரிசை: எதற்கும் வரிசையில் நிற்கும் ஆங்கிலேயர்கள், பப் கவுன்ட்டரில் மட்டும் வரிசை கட்ட மாட்டார்கள். பரவலாக நிற்பார்கள். ஆனால், யார் முதலில் வந்தார், அடுத்தது யார் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். முறை வருவதற்கு முன் நம்மைக் கேட்டால், "அவர்தான் முதலில் வந்தார்" என்று கைகாட்டுவது மரியாதை.

* கூப்பிடக் கூடாது: கை தட்டுவது, விரல் சொடுக்குவது, பணத்தை ஆட்டுவது எதுவும் ஆகாது. கவுன்ட்டரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் போதும். லேசான புன்னகை கூடுதல் பலன் தரும்.

* ரவுண்டு: நான்கு பேர் சேர்ந்து போனால், அவரவருக்கு அவரவர் வாங்குவதில்லை. ஒருவர் நான்கு பேருக்கும் வாங்குவார். அடுத்த முறை இன்னொருவர். தன் முறை வரும்போது நழுவுகிறவரை ஊர் மறக்காது. அதிகம் குடிக்க விருப்பமில்லாதவர்கள், "நான் ரவுண்டில் இல்லை" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

* டிப்ஸ்: கவுன்ட்டரில் சில்லறையை விட்டுவிட்டு வருவது பழைய வழக்கமல்ல. அதற்குப் பதில், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பணமாகக் கொடுத்தால் எஜமான்-வேலைக்காரர் உறவு, பானமாகக் கொடுத்தால் சமமான இருவர் என்பது கணக்கு.

* பேச்சுத்துணை: முன்பின் தெரியாதவரிடம் பேசத் தயங்கும் ஆங்கிலேயர்கள், கவுன்ட்டர் ஓரத்தில் மட்டும் அந்தத் தயக்கத்தைக் கழற்றி வைத்துவிடுவார்கள். தானாகப் பேச்சுக் கொடுக்கலாம். வானிலையில் தொடங்குவது பாதுகாப்பு!

* குழந்தைகள்: பெரியவர்களுடன் குழந்தைகள் வரலாம். பல பப்களில் இரவு குறிப்பிட்ட நேரம் வரைதான் அனுமதி. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம்.

* குடித்தே ஆக வேண்டுமா? இல்லவே இல்லை. லெமனேட், ஜிஞ்சர் பீர், தேநீர், காபி, ஆல்கஹால் இல்லாத பீர் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காரில் வந்தவர் ஆரஞ்சு ஜூஸ் குடிப்பது அங்கே அன்றாடக் காட்சி.

* மணி அடித்தால்: மூடும் நேரம் நெருங்கும்போது பித்தளை மணி ஒலிக்கும். கடைசி ஆர்டர் என்று அர்த்தம். இரண்டாவது மணி அடித்துவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது.

நிலவறையில் ஓர் உயிர்

"பீர் ஜில்லென்றே இல்லை" என்பது வெளிநாட்டவர்களின் நிரந்தரப் புகார். அதற்குக் காரணம் உண்டு. பாரம்பர்ய 'காஸ்க் ஏல்' தொழிற்சாலையிலிருந்து முழுமையாகத் தயாராகி வருவதில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும் நிலையில் பீப்பாயில் அடைத்து அனுப்பப்படுகிறது. பப்பின் நிலவறையில், 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் நொதிக்கிறது. அதிலிருந்து இயல்பாக உருவாகும் லேசான குமிழ்களே போதும்; வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. கவுன்ட்டரில் இருக்கும் நீளமான கைப்பிடியை இழுத்தால், கீழேயிருந்து பம்ப் மூலம் மேலே வரும்.

இதில்தான் பப் நடத்துபவரின் கைப்பக்குவம் இருக்கிறது. எப்போது காற்றுவிட வேண்டும், எப்போது திறக்க வேண்டும், குழாயை எப்போது கழுவ வேண்டும் என்பதில் கொஞ்சம் பிசகினாலும் சுவை கெட்டுவிடும். திறந்த பீப்பாயைச் சுமார் மூன்று நாள்களுக்குள் விற்றாக வேண்டும். கூட்டமில்லாத ஊரில் பப் நடத்துவது ஏன் கஷ்டம் என்பதற்கு இந்த மூன்று நாள் கெடுவும் ஒரு காரணம். கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். அதனால், சைவம் மட்டும் உண்பவர்கள் பீரைக்கூட விசாரித்துத்தான் வாங்குகிறார்கள்!

1960-களில் பெரிய நிறுவனங்கள் இந்தத் தலைவலியே வேண்டாமென்று, ஈஸ்ட்டை நீக்கி, வாயு ஏற்றிய பீரை நாடெங்கும் நிரப்பின. காஸ்க் ஏல் அழிந்துவிடும் என்ற நிலை. 1971-ல் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு இளைஞர்கள், இதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 'கேம்ரா' என்று அழைக்கப்படும் அந்த அமைப்பில் இன்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். பிரிட்டனின் மிக வெற்றிகரமான நுகர்வோர் இயக்கங்களில் அதுவும் ஒன்று.

தட்டிலும் பலகையிலும்

பசிக்கிறதா? ரொட்டி, செடார் சீஸ், ஊறுகாய், வெங்காயம் வைத்த 'ப்ளவ்மேன்ஸ் லன்ச்' கேட்கலாம். உழவர் உணவு என்ற பெயரைக் கேட்டால் ஆயிரம் வருடப் பழசு போலத் தோன்றும். ரொட்டியும் சீஸும் பழசுதான். இந்தப் பெயரில் அதைப் பிரபலமாக்கியது 1950-களில் சீஸ் வியாபாரிகள் செய்த விளம்பரம்! ஞாயிறு மதியம் என்றால் வறுத்த இறைச்சியும் யார்க்‌ஷயர் புட்டிங்கும். இப்போது காய்கறி வகைகளும் பெரும்பாலான பப்களில் கிடைக்கின்றன.

விளையாட்டும் உண்டு. டார்ட்ஸ், டோமினோ எங்கும் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 'ஆன்ட் சாலி': கம்பின் மேல் வைத்த மரப் பொம்மையைக் கட்டையால் வீசி அடிப்பது. தென்மேற்குப் பகுதியில் ஸ்கிட்டில்ஸ். வாரம் ஒரு நாள் வினாடி வினா. பக்கத்து ஊர் பப் அணியிடம் தோற்றுவிட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

எல்லோருக்கும் திறந்த கதவா?

'பொது வீடு' என்ற பெயருக்குப் பப்கள் எப்போதும் நியாயம் செய்துவிடவில்லை. 1950, 60-களில் மத்திய இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்க வந்த பஞ்சாபியருக்கும் கரீபியருக்கும் பல பப்களில் கதவு அடைக்கப்பட்டது. சில இடங்களில் தனி அறையில் மட்டும் அனுமதி. ஸ்மெத்விக் என்ற ஊரில் இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. அந்தச் சங்கத்தின் அழைப்பில், 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் மால்கம் எக்ஸ் அங்கே வந்து, நிறவெறி எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்தார். அடுத்த ஒன்பதாவது நாள் நியூயார்க்கில் அவர் கொல்லப்பட்டார். பொது இடங்களில் இனப்பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் பிரிட்டனில் அதே ஆண்டு நிறைவேறியது.

காலச் சக்கரம் சுழன்றது. அதே வட்டாரத்தில் நஷ்டத்தில் மூடவிருந்த பப்கள் பலவற்றைப் பஞ்சாபியர்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். பீரோடு தந்தூரியும் கிடைக்கும் 'தேசி பப்'கள் இன்று எல்லா நிறத்தவரும் தேடிப்போகும் இடங்கள். இவை தொழில் நகரங்களின் கதைகள். ஆனால், சாகவிருந்த பப்பைக் காப்பாற்றுவது யார் என்ற கேள்விக்கு அங்கேயும் ஒரு பதில் கிடைத்தது.

ஏன் மூடுகின்றன?

ஒரே காரணம் இல்லை. முதலில், பப் நடத்துபவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்ல. கட்டடம் மது ஆலைக்கோ, பெரிய பப் நிறுவனத்துக்கோ சொந்தம். வாடகைக்கு எடுப்பவர், பீரையும் அதே முதலாளியிடம்தான் வாங்க வேண்டும். வெளிச்சந்தையைவிட அதிக விலையில்! 1989-ல் இந்த ஏகபோகத்தை உடைக்க அரசு, பெரிய ஆலைகள் ஏராளமான பப்களைக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. விளைவு? அவற்றை மொத்தமாக வாங்கிய புதிய நிறுவனங்கள் அதே வேலையைத் தொடர்ந்தன.

இரண்டாவது, பழக்கம் மாறியது. 1967-ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கும் மூச்சுப் பரிசோதனை வந்தது. உயிர்களைக் காத்த நல்ல சட்டம். ஆனால், பேருந்து வசதி இல்லாத கிராமத்து பப்புக்குக் கூட்டம் குறைந்தது. 2007 ஜூலையில் புகைபிடிக்கத் தடை வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் மலிவு விலையில் வாங்கி வீட்டிலேயே குடிக்கும் வழக்கம் பெருகியது. இளைய தலைமுறை குறைவாகக் குடிக்கிறது. உடல்நலத்துக்கு இது நல்ல செய்தி, பப்புக்குச் சோதனை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு, அடுத்து எகிறிய மின்கட்டணம்.

மூன்றாவது, ரியல் எஸ்டேட். அழகான கிராமத்தில் ஒரு பழைய பப், பப்பாக இருப்பதைவிட வீடாக மாறினால் அதிக விலை போகும்.

நாட்டையே அதிரவைத்த சம்பவம், ஸ்டாஃபோர்டுஷயரின் 'குரூக்கட் ஹவுஸ்'. 1765-ல் கட்டப்பட்ட பண்ணை வீடு. அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்துபோனது. உள்ளே மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருளுவதுபோலத் தெரியும். இதைப் பார்க்கவே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை அழைத்து வந்தார்கள். 2023 ஜூலையில் அது விற்கப்பட்டது. ஆகஸ்ட் 5-ம் தேதி இரவு தீப்பற்றியது. அடுத்த 48 மணி நேரத்துக்குள் மிச்சமிருந்த சுவர்களும் இடித்துத் தள்ளப்பட்டன. ஊர் மக்கள் செங்கல் குவியலைச் சுற்றி நின்று கண்ணீர்விட்டார்கள். 2024 பிப்ரவரியில், முன்பு இருந்தபடியே மீண்டும் கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் உத்தரவு பிறப்பித்தது.

"ஒரு சாராயக்கடைக்கா இவ்வளவு?" என்று கேட்கலாம். கிராமத்தில் தபால் நிலையம் மூடியாகிவிட்டது. மளிகைக்கடை இல்லை. பேருந்து எப்போதோ வரும். பள்ளியும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. தனியாக வாழும் முதியவர் ஒருவர், இன்னொரு மனிதரின் குரலைக் கேட்க மிச்சமிருப்பது பப் மட்டும்தான். அவர் இரண்டு நாள்கள் வரவில்லையென்றால், கவனித்து வீட்டுக் கதவைத் தட்டும் ஆளும் அங்கேதான் இருக்கிறார். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபின் டன்பார் 'கேம்ரா'வுக்காகச் செய்த ஆய்வில், வீட்டுக்கு அருகே வழக்கமாகப் போக ஒரு பப் இருப்பவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் அதிகம் என்று தெரியவந்தது.

ஊரே முதலாளி!

கும்பிரியா மலைப்பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிறு கிராமம். அங்கிருக்கும் 'ஓல்டு கிரவுன்' பப் 2003-ல் விற்பனைக்கு வந்தது. வெளியாள் வாங்கினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 1,500 பவுண்ட் போட்டுக் கூட்டுறவுச் சங்கமாக அதை வாங்கிவிட்டார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் அதுதான். பப்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய பீர் ஆலையை ஏற்கெனவே 1999-லேயே இதே பாணியில் வாங்கியிருந்தார்கள்.

யார்க்‌ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்திலும் 2008-ல் 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' பப் பூட்டப்பட்டது. ஊரில் கடை கிடையாது, வேறு கூடுமிடமும் கிடையாது. 2010-ல் ஊர் மக்கள் பங்கு திரட்டி வாங்கினார்கள். வெறும் பப்பாகத் திறக்கவில்லை. உள்ளேயே நூலகம், தன்னார்வலர்கள் நடத்தும் குட்டி மளிகைக்கடை, பின்புறம் ஊர்க்காரர்களுக்குக் காய்கறித் தோட்டம். 2016-ல் நாட்டின் சிறந்த பப் என்ற 'கேம்ரா' விருது, இந்தக் குட்டிக் கிராமத்துக்குக் கிடைத்தது!

இந்த ஏற்பாடு எளிமையானது. ஒருவர் எத்தனை பங்கு வாங்கினாலும் அவருக்கு ஒரு ஓட்டுதான். கட்டடம் ஊருக்குச் சொந்தம். நடத்துவதற்கு அனுபவமுள்ள ஒருவரை வாடகைக்கோ, சம்பளத்துக்கோ அமர்த்துவார்கள். 2011-ல் வந்த ஒரு சட்டம் இதற்குக் கைகொடுத்தது. ஊருக்கு முக்கியமான கட்டடத்தைச் 'சமூகச் சொத்து' என்று உள்ளாட்சியில் பதிவு செய்துகொள்ளலாம். அது விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட ஊருக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். 2017 முதல், பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ திட்ட அனுமதியும் கட்டாயம்.

ஓட்டை இல்லாமல் இல்லை. ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமே தவிர, ஊருக்குத்தான் விற்க வேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டாயம் இல்லை. பணம் சேராமல் தோற்ற ஊர்களும் உண்டு. வாங்கிய பிறகு மழைக்காலத் திங்கட்கிழமையிலும் கடையை ஓட்டியாக வேண்டும். இருந்தும், இப்படி மக்கள் கைக்கு வந்த பப்களின் எண்ணிக்கை இன்று 150-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் மூடப்பட்டவை மிகச் சொற்பம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

படிக்கவோ, வேலைக்கோ, பிள்ளைகளைப் பார்க்கவோ இங்கிலாந்து போகிறவர்கள் லண்டனோடு திரும்பிவிடாமல், ஒரு நாளை கிராமத்துக்கு ஒதுக்கலாம். வயல்வெளிகளுக்கு நடுவே பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் நாடெங்கும் உண்டு. காலையில் நடக்கத் தொடங்கி மதியம் ஒரு பப்பில் முடிப்பது உள்ளூர்க்காரர்களின் பழைய பழக்கம். சேற்றுக் காலணியை வாசலில் கழற்றி வைத்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் நேரத்தை விசாரித்துக்கொள்வது முக்கியம். திங்கட்கிழமைகளில் பல கிராமத்து பப்கள் திறப்பதில்லை. மதியம் 2 மணி, இரண்டரைக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு நல்லது. கடைசிப் பேருந்து எப்போது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. எவ்வளவு குறைவானாலும் மது உடலுக்குக் கேடு என்பதில் கிராமத்து பப்புக்கும் விலக்கு கிடையாது.

ஒரு தேநீரும் ஒரு தட்டுச் சாப்பாடும் வாங்கினாலே அந்த பப்புக்கு உதவிதான். இன்று பல கிராமத்து பப்கள் பிழைத்திருப்பது பீரைவிடச் சாப்பாட்டு வருமானத்தால்.

இன்னொன்று, எழும்போது காலிக் கோப்பைகளை மேசையிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம். கவுன்ட்டரில் கொண்டுபோய் வைத்து, ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே வீட்டு ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள்.